ஐந்தாவது பத்தி

2023 ஜூலை 3, திங்கள்

வக்கீலம்மா எழுதி வைக்கச் சொன்னார்கள். எந்தத் தேதியில் எந்த ஆபீசுக்குப் போனோம், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைத்தால் பின்னால் கேள்வி வரும்போது தடுமாற வேண்டியதில்லையாம். அங்கன்வாடியில் பழைய வருகைப் பதிவேடு ஒன்று பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது. அதை எடுத்து வந்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் இந்திராணி. வயது நாற்பத்தெட்டு. பேராவூரணி பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை. என் கணவர் வைரக்கண்ணு 2005-ல் மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் போன் வந்தது. 2007 பொங்கலுக்குப் பிறகு நின்றுவிட்டது. அப்போது என் மகன் தமிழரசனுக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்தைந்து. பட்டுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான்.

போன மாதம் 27-ம் தேதி டீக்கடை நாகூரான் செல்போனோடு அங்கன்வாடி வாசலுக்கு வந்தார். ஊர் வாட்சப் குரூப்பில் ஒரு படம் வந்திருந்தது. கட்டிலில் ஒரு கிழவர். "டீச்சர், இது நம்ம வைரக்கண்ணு அண்ணன் இல்ல?" என்றார். நான் கண்ணாடி போடாமலே தெரிந்துகொண்டேன். கிழவர் இல்லை, ஐம்பத்தாறு வயதுதான்.

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, கேட்க ஆளில்லாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். கூட வேலை பார்த்த அறந்தாங்கிக்காரர் ஒருவர் சொல்லித்தான் ஊர் தெரிந்ததாம். படத்துக்குக் கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இல்லத்தில் புனிதா என்று ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் நடுநடுவே 'லா' போட்டுப் பேசியது.

"அக்கா, அங்கள் சாப்புடுறாரு, தூங்குறாரு. வலது கை, வலது காலு வேல செய்யல. பேச்சும் வரல லா. நீங்க ஒரு உறுதிமொழிக் கடிதம் குடுத்தாத்தான் நாங்க அனுப்ப முடியும். சும்மா கடிதம் இல்ல, சட்டப்படி செல்லணும்."

பேராவூரணியில் விசாரித்ததில் பட்டுக்கோட்டை வக்கீல் ஷம்ஷாத் பேகம் நோட்டரியும் கூட என்றார்கள். இன்று போய்ப் பார்த்தேன்.

இன்று பிள்ளைகள் வருகை 17. முட்டை நாள்.

ஜூலை 4, செவ்வாய்

வேலை அதிகம். ஒன்றும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரத்த உறவு யாராவது கையெழுத்துப் போடலாம் என்று வக்கீலம்மா சொன்னதால் கேட்டேன். மூத்தார் வெளியே வரவில்லை. அவர் மனைவி, அக்காதான் வாசலிலேயே நின்று, "எங்களால ஆகாது இந்திராணி. அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குல்ல?" என்றார்கள். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

தமிழரசன் சாப்பிடும்போது பேச்சை எடுத்தான். நான் அவன் வலது பக்கம் உட்கார்ந்தேன். அவனுக்கு இடது காது கேட்காது. ஐந்து வயதில் சீழ் வைத்ததில் போனது.

"எதுக்கும்மா? பதினாறு வருசமா ஒரு போன் கிடையாது. உயிரோட இருக்கியா செத்தியான்னு கேட்டாரா? இப்ப கையும் காலும் விழுந்ததும் நம்ம வேணுமா?"

"அவரு கேக்கலடா. அந்த இல்லத்துலதான் கேக்குறாங்க."

"நீ முடியாதுன்னு சொல்லிடு."

அவனுக்குச் சென்னையில் ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். அது வேறு அவன் மனதில் ஓடுகிறது.

ஜூலை 10, திங்கள்

பத்திரத்துக்கு வேண்டியவை என்று வக்கீலம்மா சொன்னவை: என் ஆதார், திருமணத்துக்கு ஆதாரம், அவருடைய ஏதாவது ஓர் அடையாளச் சான்று, வீட்டு முகவரிக்குச் சான்று. திருமணம் பதிவு செய்யவில்லை. பத்திரிகை இருந்தது, கரையான் ஓரத்தை அரித்திருந்தாலும் பெயர்கள் தெரிகின்றன. ரேஷன் கார்டில் அவர் பெயரை 2017-ல் நானே எடுக்கச் சொல்லிவிட்டேன். பழைய கார்டின் நகல் தகரப் பெட்டியில் இருந்தது. வி.ஏ.ஓ.விடம் கணவன் மனைவி என்று சான்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். நாளை மறுநாள் வரச் சொன்னார்.

அவர் போட்டோ ஒன்று வேண்டும் என்றார்கள். கல்யாணப் படத்தைத் தவிர வேறு இல்லை. அதில் அவர் பக்கத்தை மட்டும் கடையில் நகல் எடுத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டுக்கோட்டை போனேன். வரைவு தயார். பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. வக்கீலம்மா ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னார்கள்.

ஒன்று, நான் வைரக்கண்ணுவின் சட்டப்படியான மனைவி. இரண்டு, திருச்சி விமான நிலையத்தில் நானே நேரில் வந்து அவரைப் பெற்றுக்கொள்வேன். மூன்று, அவர் ஆயுள் முழுவதும் சோறு, இடம், வைத்தியம் எல்லாம் என் பொறுப்பு. கைவிட்டால் என் மேல் நடவடிக்கை எடுக்கலாம். நான்கு, இல்லத்தின் மேல் எந்த வழக்கும் போடமாட்டேன். ஐந்து, 2007 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை அவரிடமிருந்து எனக்கு எந்தத் தகவலும் வந்ததில்லை. அவரை நாங்கள் எந்தக் காலத்திலும் கைவிடவில்லை.

"அஞ்சாவது எதுக்குங்க மேடம்?" என்று கேட்டேன்.

"அது அவங்க கேட்ட பத்திதான் டீச்சர். குடும்பமே வேணாம்னு விட்ட ஆளா இருந்தா, திருப்பி அனுப்புறது அவருக்குப் பாதுகாப்பான்னு அங்க கமிட்டில யோசிப்பாங்க. நமக்கு அதுல ஒன்னும் சிக்கல் இல்லையே?"

பேனாவைக் கையில் கொடுத்தார்கள். சத்தியப் பிரமாணத்துக்குச் சமம், பொய் இருந்தால் தண்டனை உண்டு என்று எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார்கள். நான், கண்ணாடி கொண்டு வரவில்லை, திங்கட்கிழமை வந்து போடுகிறேன் என்றேன். கண்ணாடி பையில்தான் இருந்தது.

ஜூலை 17, திங்கள்

பட்டுக்கோட்டை போகவில்லை. பிள்ளைகளுக்கு எடை போடும் நாள். எடை, உயரம் எல்லாம் செல்போனில் ஏற்றவே மாலையாகிவிட்டது.

ஜூலை 19, புதன்

போகவில்லை. மழைக்கு முன்னால் அங்கன்வாடிக் கூரையில் ஓடு மாற்ற ஆள் வந்தது.

ஜூலை 20, வியாழன்

புனிதா போன் செய்தது. "லெட்டர் ரெடியா அக்கா? அங்கள் பேருக்கு இங்க இடம் ஆறு மாசந்தான். அதுக்கப்பறம் வேற எடத்துக்கு மாத்திடுவாங்க, ரொம்பத் தூரம் லா." வீடியோவில் காட்டியது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தலை மொட்டை.

இந்த நோட்டை வக்கீலம்மாவிடம் காட்டப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

2009 செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. வீட்டு முகவரிக்கு இல்லை, அங்கன்வாடி முகவரிக்கு. மலேசியத் தபால் தலை. அவர் கையெழுத்து. "குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. இங்கே விசா முடிந்து ஒளிந்து திரிகிறேன். ஊருக்கு வர வேண்டும். வா என்று ஒரு வார்த்தை நீ எழுதினால் எப்படியாவது வந்துவிடுவேன். எழுதவில்லை என்றால் வரமாட்டேன், தொந்தரவும் செய்யமாட்டேன்." கீழே ஓர் ஓட்டலின் முகவரி.

அன்று பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. படித்துவிட்டு அதிலேயே போட்டுவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் எழுதியபடியே வரவும் இல்லை, தொந்தரவும் செய்யவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

ஜூலை 21, வெள்ளி

வக்கீலம்மாவிடம் சொன்னேன். கடிதம் வந்தது, பதில் போடவில்லை, ஐந்தாவது பத்தியை மாற்ற வேண்டும் என்று.

அவர்கள் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். "கடிதம் இப்ப உங்ககிட்ட இருக்கா?"

"இல்லைங்க. எரிச்சிட்டேன்."

"அப்ப அதைப் பத்தி யாருக்குமே தெரியாது."

"அவருக்குத் தெரியுமே."

"அவரால இப்ப பேச முடியாதுங்கறீங்களே டீச்சர்."

"அதனாலதாங்க."

வக்கீலம்மா என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு, "மாத்திடலாம். ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கங்க. இது இருந்தா அவங்க அனுப்பாம நிறுத்திடலாம். உங்களுக்குச் சம்மதந்தானா?" என்றார்கள். மாற்றுங்கள் என்றேன். புதிதாக முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்றார்கள். கமிட்டிக்கு முதலில் நகலை மெயிலில் அனுப்பிக் கேட்கப் போகிறார்கள்.

திரும்பும்போது பஸ்சில் இடம் கிடைக்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

பத்திரத்தில் வரப்போகிறது என்பதால் தமிழரசனிடம் நானே சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னேன். கடிதத்தில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அப்ப பதினோரு வயசு. ஸ்கூல்ல அப்பா பேரு எழுதுறப்ப எல்லாம் பக்கத்துல ஒருத்தன் சிரிப்பான். தினம் உங்கிட்ட கேப்பேன், போன் வந்துச்சான்னு. நீ இல்லன்னு சொல்லுவ. லெட்டர் வந்த அன்னைக்கும் கேட்டிருப்பேன்ல?"

"கேட்ட."

"என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏன்?"

அவர் குடிப்பார் என்றேன். குடிதான் விட்டாச்சுன்னு எழுதியிருக்காரே என்றான். நம்பவில்லை என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

சட்டையைக் கட்டிலில் போட்டான். "ஒன்னு கேக்குறேன். பதினாலு வருசமா மூடி வச்சதை இப்ப எதுக்குச் சொல்ற? சொன்னா அவங்க அனுப்பமாட்டாங்கன்னுதானே? அந்தாளு வரக்கூடாது, ஆனா நீ நல்லவளா இருக்கணும். அதானே?"

கொசுவலையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூலை 24, திங்கள்

வருகை 19. முட்டை 19. தமிழரசன் பட்டுக்கோட்டையில் நண்பன் அறையில் தங்கிக்கொள்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 28, வெள்ளி

அங்கிருந்து மெயில் வந்திருப்பதாக வக்கீலம்மா போன் செய்தார்கள். இரண்டு கேட்கிறார்கள். கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று காரணம் எழுத வேண்டும். எனக்குப் பிறகு பொறுப்பேற்க வயது வந்த இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும்.

"இன்னொருத்தர்னா உங்க மகன்தானே டீச்சர்?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, புதன்

தமிழரசனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். கையெழுத்து வேண்டும் என்றேன். வந்து படித்துப் பார்க்கிறேன், போடுவேன் என்று நினைக்காதே என்றான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

காரணத்தை ஒரு தாளில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு தாள் கிழித்தேன். குடும்பச் சூழல் என்று எழுதினேன். மனக்கசப்பு என்று எழுதினேன். இரண்டும் இல்லை.

காது சீழ் வைத்துப் போகவில்லை. இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இருபது வருடம் ஒன்றையே சொன்னால் கை தானாக எழுதிவிடுகிறது.

2003 ஐப்பசி. தீபாவளிக்கு மறுநாள். பிள்ளை பொட்டு வெடியைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். இவர் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். எழுந்து வந்து அறைந்தார். ஒரே அறைதான். பிள்ளை அழவில்லை. கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு நாளில் காய்ச்சல், காதிலிருந்து ரத்தமும் நீரும். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சவ்வு மட்டுமில்லை, உள்ளேயே போய்விட்டது என்றார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். இவர் பக்கத்தில் நின்றார். நான், சீழ் வைத்தது என்று சொன்னேன்.

காய்ச்சல் விட்டபோது பிள்ளைக்கு ஒன்றும் நினைவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்பன் அடித்துக் காது போனது என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறான்.

என்னை அடித்ததற்காக என்றால் நான் வா என்று எழுதியிருப்பேன்.

இந்தப் பக்கத்தில் பாதியை அப்படியே ஐந்தாவது தாளில் எடுத்து எழுதினேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பத்து மணிக்கு வக்கீலம்மா ஆபீசில் தமிழரசன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். வக்கீலம்மா புது வரைவையும், தமிழில் நான் எழுதிய தாளையும் அவனிடம் கொடுத்தார்கள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு படித்தான்.

நேரம் ஆயிற்று. இரண்டு பக்கத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"சீழுன்னுதானே சொன்ன" என்றான். சத்தமே இல்லை.

"ஆமாம்பா."

"லேப்ல காது டாக்டர் ஒருத்தர் வருவாரு. ஒருநாள் லைட் அடிச்சுப் பாத்துட்டு, யாராவது அடிச்சாங்களா தம்பின்னு கேட்டாரு. இல்ல சார், சின்ன வயசுல சீழுன்னு நான் அடிச்சுச் சொன்னேன்."

வக்கீலம்மா தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்கள். மேஜையில் தண்ணீர் இருந்தது.

"அன்னைக்கு வீட்ல கேட்டேனே, அப்பயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் உன்னை என்னென்னமோ கேட்டேன்."

"நீ கேட்டது சரிதான் தமிழு. அதுவும் கொஞ்சம் உண்டு."

தாளை மேஜைமேல் வைத்தான். மின்விசிறியில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஸ்டேப்ளரை எடுத்து வைத்தான். கையெழுத்துப் போடாமல் படி இறங்கிப் போய்விட்டான்.

வக்கீலம்மா திரும்பி வந்து, "ஏன் டீச்சர், இவ்வளவு இருக்கே, எதுக்காக இவரைக் கூப்பிட்டுக்கறீங்க?" என்று கேட்டார்கள். சட்டத்துக்காக இல்லை, சும்மாதான் கேட்கிறேன் என்றார்கள்.

"வான்னு எழுதுறதா வேணாமான்னு அன்னைக்கு முடிவு பண்ற நெலமையில நான் இல்ல மேடம். அடுப்புல போட்டுட்டேன். இப்ப யோசிச்சுத்தான் எழுதுறேன். அங்க கிடந்து சாகட்டும்னு என்னால எழுத வரல."

ஆகஸ்ட் 9, புதன்

வருகை 18. போன் இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போன் இல்லை. சத்துமாவு வந்து இறங்கியது. நாற்பது பாக்கெட்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நாளைக்குக் கொடி ஏற்றப் பிள்ளைகளுக்குத் தாள் கொடி ஒட்டிக்கொண்டிருந்தேன். தமிழரசன் பைக்கில் நேரே அங்கன்வாடிக்கே வந்தான். சின்ன நாற்காலி ஒன்றில் மடங்கி உட்கார்ந்தான். பசையை எடுத்து இரண்டு கொடி ஒட்டினான்.

"கையெழுத்துப் போடுறேன். ஆனா அவங்க கேட்ட மாதிரி இல்ல."

"எப்படி?"

"அந்த உறுதிமொழி பூரா அவரு பத்திரமா இருப்பாரா, அவருக்குச் சோறு கிடைக்குமான்னுதான் இருக்கு. நீ பத்திரமா இருப்பியான்னு ஒருத்தரும் கேக்கல. வக்கீலும் கேக்கல. நானும் கேக்கல." கொடியின் ஓரத்தை நகத்தால் தேய்த்தான். "நான் ஒரு பத்தி எழுதிக் குடுப்பேன். அதைச் சேத்தா போடுறேன்."

"சென்னை வேலை?"

"சென்னை எங்கயும் போயிடாது."

போகட்டும் என்று விடக்கூடிய வேலை இல்லை அது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவன் எனக்கு இடது காதைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கேட்காததுபோல் இருக்க நினைக்கும்போது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் செய்வான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் கொஞ்சம் சிரித்தான்.

இன்று வீட்டில் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 16, புதன்

கையெழுத்து ஆயிற்று. பக்கத்துக்கு ஒன்றாக நான் ஐந்து, அவன் ஐந்து. நோட்டரி முத்திரை, சிவப்பு வட்டம். வக்கீலம்மா பதிவேட்டிலும் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

கடைசியில் சேர்த்த ஆறாவது பத்தி தமிழரசன் எழுதியது. தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன்: "மேற்படி வைரக்கண்ணு எனக்கும் என் தாயாருக்கும் செய்ததை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு வேண்டிய உணவும் வைத்தியமும் கிடைக்க நான் இரண்டாவது பொறுப்பாளர். அவர் அந்த வீட்டில் இருக்கும் வரை நானும் அங்கேயே இருப்பேன். என் தாயார் இந்திராணியின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால், என் தாயாரின் பாதுகாப்பையே காப்பாற்றுவேன்."

வக்கீலம்மா கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். பலமான பத்திரத்தில் இப்படி ஒரு விலக்கு இருக்கக்கூடாதாம். அவன் முடியாது என்றான். அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இருக்கட்டும் என்றார்கள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

சென்னை. தமிழரசனும் வந்தான். தலைமைச் செயலகத்தில் உள்துறைச் சான்று, அதன் பிறகு வெளியுறவுத்துறை முத்திரை, கடைசியாக மலேசியத் தூதரகம். ஒரே நாளில் எல்லாம் நடக்காது. நோட்டரி முத்திரைக்கு மேல் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்கிற மாதிரி. மீதியை வக்கீலம்மாவுக்குத் தெரிந்த ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்.

வெயில். தமிழரசன் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் சேர வேண்டியிருந்த லேப் அந்த வழியில்தான் இருந்தது. பஸ்சில் போகும்போது காட்டினான். நல்ல பெரிய கட்டடம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

புனிதா போன் செய்தது. "ஏத்துக்கிட்டாங்க அக்கா. கமிட்டில ரெண்டு பேரு வேணாம்னு சொன்னாங்க, அனுப்பக் கூடாதுன்னு. உங்க மவன் எழுதுன பத்தியைத் தலைவர் ரெண்டு தடவை படிச்சாரு. இவங்க பொய் சொல்லலன்னாரு. அவ்வளவுதான் லா."

பிறகு, "அக்கா, நீங்க மனசோடதானே செய்றீங்க? லெட்டரை விடுங்க. நான் கேக்குறேன்" என்றது.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன். பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு, "அனுப்புங்கம்மா" என்றேன்.

செப்டம்பர் 20, புதன்

கட்டில் வந்தது. முன் அறையில் போட்டோம். தமிழரசன் தன் பாயை நடுக் கதவுக்குக் குறுக்கே மாற்றிக்கொண்டான். இப்போதே எதற்கு என்றேன். பழகிக்கொள்கிறேன் என்றான்.

அக்டோபர் 1, ஞாயிறு

திருச்சி விமான நிலையம். காலை ஒன்பது மணிக்கு விமானம் வந்தது. எல்லோரும் பெட்டியோடு வெளியே வந்து தீர்ந்த பிறகு சக்கர நாற்காலி வந்தது. இல்லத்திலிருந்து மணிவேலு என்ற ஆள் கூட வந்திருந்தார். பத்திரத்தின் நகலை எடுத்து என் ஆதாரோடு வைத்துப் பார்த்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினார். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன்.

அவர் சின்னதாகிவிட்டார். என் நினைவில் இருந்த ஆளுக்கு வாசல் நிலை இடிக்கும். இவரைத் தமிழரசன் ஒற்றை ஆளாகத் தூக்கிக் காரில் வைத்தான். தூக்கும்போது இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. தமிழரசன் வேறு பக்கம் பார்த்தான். அவர் அவனையே பார்த்தார்.

மணிவேலு மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னு சொல்லணும் அக்கா. இவருக்கு இப்ப ஒரே ஒரு வார்த்தைதான் வரும். போன மாசந்தான் வந்துச்சு. எது கேட்டாலும் 'சரி'ம்பாரு. பசிக்குதான்னாலும் சரி, வலிக்குதான்னாலும் சரி. புரிஞ்சு சொல்றாரா, வாயில அது மட்டும் நின்னு போச்சான்னு டாக்டருக்கே தெரியல."

அந்தக் காலத்தில் எதற்கும் சரி என்று சொல்லாத ஆள்.

புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்தி இட்லி ஊட்டினேன். "போதுமா?" என்றேன். "சரி" என்றார்.

அக்டோபர் 4, புதன்

அங்கன்வாடிக்கு இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தேன், இன்று கடைசி நாள். பக்கத்து வீட்டு மல்லிகா பகலில் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது.

காலையில் வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டேன். வலது கை கனமாக இருக்கிறது, தனியாக ஒரு பொருளைத் தூக்குவதுபோல. "தண்ணி சூடா இருக்கா?" "சரி." "சட்டை மாத்திடலாமா?" "சரி." தமிழரசன் உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னேன். "நீங்க போட்ட லெட்டர் வந்துச்சு. நான்தான் பதில் போடல."

"சரி" என்றார்.

"எரிச்சிட்டேன்."

"சரி."

கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இட்லிக்குச் சொன்ன அதே குரல்தான். கடைசிப் பொத்தானைப் போட்டேன்.

"தமிழுக்குத் தெரியும்" என்றேன். "காது எப்படிப் போச்சுன்னு நான் சொல்லிட்டேன். நீங்க அடிச்சதுதான்னு."

வாய் திறந்தது. உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்தது. நான் காத்திருந்தேன். சொல் வரவில்லை. இன்னொரு தடவை முயற்சி செய்தார். பிறகு நல்ல கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது லேசான வேலை இல்லை. நான் உதவி செய்யவில்லை.

தமிழரசன் கதவருகில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் பைக் சாவி.

"அம்மா, தோசைக்கு மாவு இருக்கா?" என்றான்.

இருக்கிறது என்று சொல்லி எழுந்துபோய்க் கல்லை அடுப்பில் வைத்தேன்.